இறங்கும் கால்

லாங்கன்தால்
சுவிஸ், 22 நவம்பர் 2025, சனி, காலை 9.40
குதித்தது: நாற்பத்தொரு தரம்

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய மூன்று கூடைப்பந்து ஆட்டங்களின் வீடியோவையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு தரம் குதித்ததில் முப்பத்தாறு தரம் வலது காலில் மட்டும் இறங்குகிறாய். இடது முழங்கால் பாரம் எடுப்பதில்லை. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு பாகம் சோதனைக்கு வந்தால், கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

உன் கழகம் ஜனவரியிலிருந்து பதினாறு வயதுப் பெட்டையளின் அணிக்குப் பயிற்றுநராக வரச் சொல்கிறது. ஓம் என்று சொல். முப்பத்திரண்டு வயதில் மூன்றாவது ஒப்பரேஷன் உனக்கு எதற்கு? முப்பதாம் திகதி ஞாயிறு ஆடாதே.

கோவித்தால் கோவி. கணக்குச் சரி.

பானுஜன்

*

லோசான்
26 நவம்பர்

என் அருமைத் தம்பிக்கு,

சுகமா என்று ஒரு வரி எழுதினால் உன் பேனை தேய்ந்துவிடுமோ?

இங்கே நாலு நாளாக மூடுபனி. ஏரி இருக்கிற இடம் தெரியவில்லை. பயிற்சிக்குப் போகையில் மெட்ரோ மேட்டில் ஏறி ஏறிப் போய், திடீரென்று வெயிலுக்குள் வருகிறது. கீழே ஊர் முழுக்கப் பஞ்சு. குதிப்பதும் எனக்கு அப்படித்தான், பானு. கால் நிலத்தை விட்டதும் சத்தமெல்லாம் கீழே போய்விடும். கை, பந்து, வளையம். அந்த இடத்தில் நோவு இல்லை, வயதும் இல்லை. அதை உன் வீடியோவில் கண்டாயோ?

ஞாயிறு அம்மா வருகிறா. பதினொரு வருடமாக இந்த விளையாட்டில் சம்பளம் எடுக்கிறேன். அவ ஒரு ஆட்டமும் நேரில் பார்த்ததில்லை. வில் நகரத்து முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலை எப்போதும் அவவின் தலையில்தான். இந்தமுறை லீவு எடுத்துவிட்டு, "நீ விளையாடுறதை ஒருக்கா என்ரை கண்ணால பாக்கவேணும், பிள்ளை" என்றா. நான் எப்படி ஆடாமல் ஓரத்து வாங்கில் குந்தியிருப்பது? ஆடுவேன். முழங்கால் போனால் போகட்டும்.

ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா வேணுகா

*

லோசான்
1 டிசம்பர்

பானு,

நான் ஆடவில்லை.

உடுப்புப் போட்டுத்தான் இறங்கினேன். அம்மா முன்வரிசையில், மடியில் பலகாரப் பெட்டியோடு. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும்போது ஒருமுறை குதித்தேன். மேலே போனதும், எந்தக் காலில் இறங்கப்போகிறேன் என்று யோசித்தேன். அவ்வளவுதான். நீ அங்கேயும் வந்துவிட்டாய். இனி அந்த இடம் எனக்கு இல்லை. பயிற்றுநரிடம் போய், ஏலாது என்றேன்.

மூன்றாம் பகுதியில் என் இடத்தில் ஆடிய பெட்டை, பந்தைப் பிடித்ததும் தட்டிக்கொண்டு இருவருக்கு நடுவே நுழையப் பார்த்தாள். நான் வாங்கிலிருந்து, "நில்லடி" என்று தமிழில் கத்திவிட்டேன். அவளுக்கு என்ன விளங்கியதோ, நின்றாள். மறிக்க வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். நின்ற இடத்திலிருந்தே எறிந்தாள். விழுந்தது.

அம்மா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கு நெற்போல் என்கிற வலைப்பந்து ஆடியவ. அதில் பந்தோடு ஓடக்கூடாது. பிடித்த இடத்தில் நிற்கவேண்டும். கூடைப்பந்தும் அப்படித்தான் என்று நினைத்து எனக்குப் பழக்கினா. நீ அப்போது தொட்டிலில். எவளும் நிற்காத இடத்தில் நான் நிற்பேன். அந்தப் பிழைக்குத்தான் இத்தனை வருடச் சம்பளமும்.

ரயிலடியில் அம்மா கேட்டா, "அந்தப் பிள்ளை நல்லா நிக்கிறாள். உன்னட்டைப் பழகினவளோ?"

"இல்லையம்மா. இனித்தான்."

"அப்ப சரி" என்று பலகாரப் பெட்டியை என் கையில் தந்துவிட்டு ஏறினா.

கழகத்துக்கு ஓம் சொல்லிவிட்டேன். உன் கணக்குச் சரி. உன்னோடு கொஞ்சநாள் கதைக்க மனமில்லை.

வேணுகா

*

லாங்கன்தால்
3 டிசம்பர்

அக்கா,

உன் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தேன். நீ சொல்லும் அந்த இடத்தை வீடியோவில் தேடினேன். இல்லை. கமெரா வெளியில்தானே நிற்கிறது.

மனமில்லை என்றால் கதைக்காதே. நான் பதில் கேட்டு எழுதவில்லை.

உன் தம்பி
பானுஜன்

பி.கு. செய்யப்போவது:

1. சனிக்கிழமை முதல் ரயிலில் லோசானுக்கு வருவேன். கதவு திறக்காவிட்டால் படியில் இருப்பேன்.
2. திங்கள் முழங்காலைக் காட்ட உன்னோடு வைத்தியரிடம் வருவேன். எனக்குப் பிரெஞ்சு வராது, பையைத் தூக்குவேன்.
3. ஜனவரியில் உன் பெட்டையளின் முதல் ஆட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிவருவேன்.
4. குதித்து மேலே நிற்கும்போது எப்படி இருந்தது என்று கேட்பேன். நீ சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன்.