பதினைந்தாம் இடம்

அன்புள்ள லொரீனுக்கு,

அன்று கேரவனோடு போய்த் தங்கிய பூங்காவில் இருந்தவர்கள் அம்மா, நீ, உன் வீட்டுக்காரர் ஹார்லன், நான், என் வீட்டுக்காரர் வர்ஜில். பத்தொன்பது வருஷம் ஆகியும் எதுவும் எனக்கு மறக்கவில்லை, நீ சோளரொட்டியைக் கருக்கியதுகூட.

ஹார்லன் கேரவனை ரிவர்ஸ் எடுத்தபோது இடித்து, அப்பா இளவயதில் அங்கே கூலிக்குக் கட்டிய கல் அடுப்பு சரிந்தது. அம்மா அழுதாள். "கண்ண எங்கய்யா வச்சிருந்த? இனி என் மூஞ்சில முழிக்காத!" என்று கத்தினேன். அவர் குனிந்து கற்களைப் பொறுக்கினார். "அவரு வரலன்னா நானும் வரலக்கா" என்றாய். சொன்னபடியே செய்தாய்.

அடுப்பைத் திரும்பக் கட்டிவிட்டார்களாம். அக்டோபருக்கு முன்பதிவு திறந்த காலையிலேயே பதினான்காம் இடத்தையும் பதினைந்தாம் இடத்தையும் பிடித்துவிட்டேன். என் வண்டியைப் பேத்தி ஓட்டுவாள். பதினைந்து உங்களுக்கு, முப்பதடி வண்டி தாராளமாக நிற்கும். ஹார்லனும் கட்டாயம் வரவேண்டும். பின்னால் நின்று கை காட்ட இந்த முறை நான் இருக்கிறேன்.

ரிவர்ஸ் எடுப்பவர் கண்ணாடியில் தெரியும் கையைத்தானே நம்புவார்? அன்று கை காட்டியவர், பக்கத்து வண்டிக்காரரோடு மீன் கதை பேசிக்கொண்டே, "வா, இன்னும் வா" என்று ஆட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அதை என்னிடம் சொன்னார். ஹார்லன் இத்தனை வருஷமும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடக்கத்துக்கு நீ அனுப்பிய பூ வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும், நான் ஹார்லனைத் திட்டும்போது பக்கத்தில் நின்று காபி குடித்த அந்த மனுஷனை மன்னிக்கவே மாட்டேன். வர்ஜிலை.

உன் அக்கா