தோன்றா எழுவாய்

இந்த வருஷமும் குளிர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. அலுமாரியில் கிடந்த கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு மனோர் பார்க் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் பக்கத்து இருக்கையில் யாரோ விட்டுப்போன இலவசப் பத்திரிகை கிடந்தது. முதற்பக்கத்தில் ஏதோ ஒரு நகரத்தின் இடிபாடு. குண்டுகள் விழுந்தனவாம், மக்கள் உயிரிழந்தார்களாம். போட்டவர் யார் என்று கடைசி வரி வரைக்கும் தேடினேன், இல்லை. என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. உள்துணியில் உமது பேனையின் பச்சை மைக்கறை காய்ந்து மொறமொறத்தது.

பாரும், ‘தானாக’ என்று எழுதிவிட்டேன். நீர் இருந்தால் அந்த இடத்தில் கோடு போட்டிருப்பீர்.

இதே தடத்தில்தானே சிநேகிதர் நாங்கள் இருவரும் எத்தனையோ காலம் வேலைக்குப் போனோம். நான் சேர்ஜரி என்கிற டாக்டரின் கிளினிக்கில் ரிசெப்ஷனுக்கு, நீர் அகதி விண்ணப்ப நேர்காணல்களுக்கு மொழிபெயர்ப்பாளராக. உட்கார்ந்த கையோடு பத்திரிகையைப் பிரிப்பீர், பச்சைப் பேனையை எடுப்பீர். செய்தவன் இல்லாத வாக்கியம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. “ஆர் போட்டது? வானத்திலை விளையிறதோ குண்டு?” என்று சத்தமாகவே கேட்பீர். எதிரே இருக்கும் வெள்ளைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். உமக்கு அந்தச் சாமானே கிடையாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். பெயர் சொல்லாமல் ஒரு நேர்காணலைப் பற்றிச் சொன்னீர். வந்தவர் “எனக்கு அடி விழுந்தது” என்றாராம். நீர் அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி “அடித்தது யார்?” என்றாராம். அந்த மனிதர் முழித்தாராம். “எங்கடை தமிழிலை அடி விழும், குண்டு விழும், வீடு எரியும். ஆரும் ஒண்டும் செய்யிறேல்லை” என்று சிரித்தீர். பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று வருமே, வாக்கியத்தில் ஆள் இருப்பான், ஆனால் வெளியே தெரியமாட்டான். வல்லரசு என்றால் அதுதான் என்பீர். “உலகம் முழுக்க வினைச்சொல் கிடக்கும். ஆளைக் காணேலாது.”

ஊரில் யுத்தம் முடியப்போகிற அந்த நாட்களில் நாங்கள் இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு எதிரே வீதியை மறித்து இருந்தது நினைவிருக்கிறதா? உமக்கு நினைவில்லாமல் போகுமா! கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் என் வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டோம். ஒரு நிமிடச் செய்தி. தமிழர்கள் வீதியை மறித்ததால் போக்குவரத்து பாதிக்கப்பட்டது என்றார்கள். நான் அழுதுகொண்டே திட்டினேன். நீர் கால்களை வெந்நீருக்குள் வைத்தபடி சொன்னீர்: “இஞ்சேரும், இண்டைக்கு எங்களுக்கு எழுவாய் தந்திட்டினம். பஸ்ஸை மறிச்சது நாங்கள் எண்டு வடிவாச் சொல்லியிருக்கினம். குண்டு போட்டது ஆர் எண்டுதான் அவைக்கு இன்னும் விளங்கேல்லை.” அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மைப் போல ஒரு ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை என்று அன்றைக்கே உமக்குச் சொல்லியிருக்கலாம்.

பிறகுதான் அந்த விவாதம். லைப்ரரி மேல்மாடி அறையில், சனிக்கிழமை பின்னேரம், எங்கள் வாசிப்பு வட்டத்தில். வல்லரசுகளின் வெளியுறவுக் கொள்கையை நடத்துவது ஊடகமா, ஆட்சியா என்று தலைப்பு. நான் ஊடகம் என்ற பக்கம், நீர் மறுபக்கம். குறிப்பெடுக்கப் பேனை கொண்டுவர மறந்து உமது பச்சைப் பேனையை வாங்கிக்கொண்டேன். “எதிர்க்கட்சிக்கு ஆயுதம் குடுத்த முதல் ஆள் நான்தான்” என்று நீர் சொல்ல, அறையே சிரித்தது.

நீர் சுருக்கமாகத்தான் பேசினீர். “நட்பு நாடு குண்டு போட்டால் பேப்பரிலை அது விழும். பகை நாடு போட்டால் அவன் போடுவான். இந்த இலக்கணத்தைப் பேப்பர்காரன் கண்டுபிடிக்கேல்லை. வெளியுறவு அமைச்சின்ரை அறிக்கையைப் பாருங்கோ, முதல் அங்கைதான் ஆள் மறையிறான்.” நான் விடுவேனா? அறிக்கையை யார் வாசிக்கிறார்கள், பத்திரிகை சொன்னால்தான் சனம் நம்பும், சனம் நம்பினால்தான் விமானம் பறக்கும் என்றேன். நல்ல கைதட்டல். அந்த மயக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போனேன். எங்கள் ஊர்த் தெருவில் முன்வீட்டில் இருந்த முஸ்லிம் தையற்காரரின் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். “அவையள் ஒரு நாள் உடுத்த உடுப்போடை போயிட்டினம். அப்பிடி ஒரு குடும்பம் போனதை எந்த உலகப் பத்திரிகை எழுதினது?” என்று கேட்டேன்.

உமது முறை வந்தது. எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்.

“ஆர் அனுப்பினது?”

அறையில் எல்லோருக்கும் பதில் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். நீர் உட்கார்ந்தீர். எனக்கு வந்த கோபத்தில் பேனையை மூடாமலே கோட்டுப் பைக்குள் சொருகிக்கொண்டு படியிறங்கிப் போனேன். மாதக்கணக்கில் உம்மோடு பேசவில்லை. ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன். காட்டிக்கொடுத்துவிட்டீர் என்று கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொன்னேன். அதுவும் உமது காதுக்கு வந்திருக்கும்.

காய்ச்சல் ஊசி போடுகிற காலத்தில் சேர்ஜரிக்கு வந்து என் முன்னால் நின்றீர். முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல ஆங்கிலத்தில் பிறந்த திகதி கேட்டேன்.

“உமக்குத் தெரியாதோ?” என்றீர். “அது கிடக்கட்டும். என்ரை பேனையைத் தாரும்.”

“உம்மடை பேனை என்ரை கோட்டைப் பழுதாக்கிப்போட்டுது.”

“பேனை பழுதாக்கேல்லை. மூடியைப் போடாமல் வைச்சது ஆர்?”

எவ்வளவு அடக்கியும் சிரித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு என்ன வருத்தம் பிடித்ததோ என்று பார்த்தார்கள்.

அன்று வேலை முடிந்து தேநீர் குடிக்கப் போனோம். அத்தனை பேருக்கு முன்னால் ஏன் என்னை அப்படி நிறுத்தினீர் என்று கேட்டேன். நீர் கரண்டியால் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தீர். “என்ரை அண்ணை எறிகணை விழுந்து செத்தவர் எண்டுதான் மரணப் பத்திரத்திலை கிடக்கு. அடிச்சவனை நான் இண்டைக்கும் கேக்கிறன். அவனைக் கேக்கிற கேள்வியை எங்கடை ஆக்களிட்டைக் கேக்காட்டி, அண்ணைக்காகக் கேக்க எனக்கு வாய் வராது.” பேனையை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னீர். தையற்காரரைப் பற்றி அதன்பிறகு நீர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது நினைக்கிறேன், வல்லரசுகளைத் திட்டுகிறவர்களுக்கு எங்கள் கூட்டம் நடக்கும் ஹோல்களில் ஒருநாளும் பஞ்சமில்லை. நானே நன்றாகத் திட்டுவேன், கைதட்டலும் வாங்குவேன். தன் வீட்டுப் பக்கம் திரும்பி அதே கேள்வியை அதே குரலில் கேட்க உம்மால்தான் முடிந்தது. அதற்காக எத்தனை பேர் உம்மைக் கலியாண வீடுகளுக்குக் கூப்பிடாமல் விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி விட்டவர்களில் சிலரை உசுப்பியவளும் நான்தான்.

போன குளிருக்கு ஆஸ்பத்திரியில் உமது கட்டிலுக்கு எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, கீழே எழுத்து மட்டும். உமக்குக் கண் சரியாகத் தெரியாமல், “ஆர் எண்டு போட்டிருக்கே?” என்று என்னிடம் கேட்டீர். போடவில்லை என்றேன். தலையை ஆட்டினீர். முன்வீட்டுக் கதையைச் சொல்ல அதுதான் சமயம் என்று பட்டது. உமது கையைப் பிடித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு நீர் இல்லை.

அந்தக் கதை உம்மிடம் சொல்லப்படவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. இல்லை. நான் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் உமது நினைவாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதே மேல்மாடி அறை. அன்றைக்கு இருந்தவர்களில் பலர் வருவார்கள். அவர்கள் முன்னால் முதலில் வாசிக்கப்போவதை உமது பேனையில் மிஞ்சியிருந்த மையால் எழுதியிருக்கிறேன். உமக்குத்தான் முதலில் காட்ட வேண்டும்:

எங்கள் தெரு முன்வீட்டுத் தையற்காரரையும் அவர் மனைவி பிள்ளைகளையும் தோளில் துவக்கு மாட்டியிருந்த எங்கள் ஆட்கள் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அவருடைய மனைவி எங்கள் வீட்டுக் கேற்றைத் தட்டினார். நான் உள்ளே நின்றேன். நான் திறக்கவில்லை.

கோடு போட இதில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் ஒருமுறை பாரும்.