அமெரிக்கப் புத்தியும் ஒரு ஏத்தன் குலையும்

காரக்கோணம்
20-11-1996

என் பிரிய மகள் ஸ்ரீகுமாரிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்குப் பொருத்தும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், பசு சுகம், கன்று புல் கடிக்கத் தொடங்கிவிட்டது. துலா மழை ஓய்ந்தபாடில்லை, கிணறு கைக்கு எட்டுகிறது. உன் தம்பியும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

நீ அனுப்பிய எட்டுப் பக்கக் கடிதமும் போட்டோவும் கிடைத்தது. இத்தனை நாள் 'ஒரு காலேஜில் வேலை' என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தாய், இப்போதுதான் என்ன வேலை என்று விளங்கியது. முதல் வருஷம் சேருகிற கறுப்பினப் பையன்கள் பாதியில் படிப்பை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதும், பட்டம் வாங்குகிற வரை பின்னாலேயே நிற்பதும்தான் உன் உத்தியோகமாம். நல்ல உத்தியோகம். இங்கே பெற்றவர்களே செய்யாத வேலைக்கு அங்கே சம்பளம் தருகிறார்கள். பக்கத்து வீட்டு ரத்னபாய் போட்டோவை வாங்கிப் பார்த்து, "எம்மா, என்ன கறுப்பு, நம்ம பிள்ள இவனுவளுக்க நடுவுல பயமில்லாம நிக்குதே" என்று நெஞ்சில் கை வைத்தாள். ரத்னபாய் வீட்டில் எல்லாரும் பால் வெள்ளை என்பது உனக்கே தெரியும். அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மிக்சரைத் தின்று காப்பியைக் குடித்துவிட்டு, நிறம் போதாது என்று சொல்லிவிட்டுப் போனதை அவள் மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. போட்டோவில் உன் பக்கத்தில் நிற்கிற அந்த நெட்டைப் பையன் டெரலைத்தான் அதிக நேரம் பார்த்தேன். வகுப்புக்குப் போன முதல் நாளே வாத்தியார் அவனைப் பார்த்து, நீ அறை மாறி வந்துவிட்டாயா என்று கேட்டாராமே. அதற்குப் பிறகு அவன் போகவில்லை, மாமாவின் டயர் கடையில் நிற்கிறான், நீ இரண்டு தடவை அவன் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கண் கலங்கிவிட்டது எனக்கு. இவ்வளவு தூரம் போய் இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்காக அலைகிறாளே என்று பெருமைதான்.

அப்பா உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். முதல் வேலை, ஒவ்வொரு பையனையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், சேருவதற்கு முன்பே அவன் பேருக்கு உன் கையால் ஒரு கடிதம் போக வேண்டும். வகுப்புக்கு வராவிட்டால் தேடிப் போக வேண்டும். திட்டக் கூடாது, கேட்க வேண்டும். மேல் வகுப்பில் படிக்கிற ஒருவனைத் துணைக்கு விட வேண்டும். பெற்றவர்களைக் காலேஜுக்கு அழைத்துக் காட்ட வேண்டும். அமெரிக்கக்காரன் மூளை அமெரிக்கக்காரன் மூளைதான் என்று அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன் தம்பியும் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காலேஜுக்குப் போவதை நிறுத்தி அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நாங்கள் அமெரிக்காவைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் அப்பா கன்றுக்குக் கயிறு வாங்கப் பனச்சமூட்டுச் சந்தைக்குப் போனார். கனகதாசின் கேசட் கடையில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததாம். உள்ளே எட்டிப் பார்த்தால் நம் வீட்டு பி.எஸ்.சி. முதல் வருஷம், நான் காலையில் பொரித்துக் கட்டிக்கொடுத்த முட்டையைக் கனகதாசோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தது. காலேஜுக்கு நெய்யாற்றின்கரை பஸ் ஏற வேண்டிய பிள்ளை, தினமும் ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் நின்று பனச்சமூட்டுக்கு ஏறியிருக்கிறது. கேசட் அட்டையில் தமிழ்ப் பாட்டைத் தமிழிலும் மலையாளப் பாட்டை மலையாளத்திலும் அழகாக எழுத அவனை விட்டால் ஆள் இல்லையாம், கனகதாஸ் அப்பாவிடமே புகழ்ந்திருக்கிறான். அப்பா புதுக் கயிறோடு வீட்டுக்கு வந்தார், அது கன்றுக்கு வாங்கிய கயிறு என்பதையே மறந்த மாதிரி இருந்தது அவர் வந்த வரத்து. நான் குறுக்கே விழுந்து, திட்டக் கூடாது கேட்க வேண்டும் என்று உங்கள் மகள் எழுதியதைப் போன வாரம்தானே தலையில் வைத்து ஆடினீர்கள் என்றேன். அவர் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, முகத்தைக் கழுவி, அவனுக்கு எதிரே உட்கார்ந்து, "எலே மக்கா, ஒனக்கு மனசுல என்னவாக்கும் சங்கடம், அப்பாகிட்ட சொல்லு" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் அப்படி ஒரு பேச்சைக் கேட்டிராத பையன் சட்டென்று எழுந்துவிட்டான். நேரே என்னிடம் ஓடி வந்து, "அம்மா, அப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்லியா, ஆசுபத்திரிக்குக் கொண்டு போவமா" என்று கேட்டான். உன் அமெரிக்க மருந்து இங்கே முதலில் பிடித்த விதம் இதுதான்.

பிறகு தொழுவத்தில் சாணி வாரும்போது அவனே சொன்னான். முதல் நாள் வகுப்பில் எழுந்து ஊரும் பேரும் சொன்னபோது மலையாளத்துக்கு நடுவே தமிழ் வந்துவிட்டதாம். யாரோ பாண்டி என்றானாம், வகுப்பு சிரித்ததாம், சாரும் சிரித்துவிட்டு அன்று முதல் ஹாஜர் எடுக்கும்போது "பாண்டி வந்நோ" என்றுதான் கேட்பாராம். நிறமும் நம்முடையதாயிற்றே, சொன்னவனுக்கு வசதியாகப் போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் ட்யூஷனுக்குப் போனபோது மலையாளத்தான் என்றார்கள், இங்கே பாண்டி என்கிறார்கள், வீட்டுக்குள் மட்டும்தான் இவன் ஷிஜு. "நான் போகாம இருந்தா அவனுவளுக்கு ஒண்ணும் இல்லம்மா, ஒருத்தனும் தேட மாட்டான்" என்றான். சொன்னது சரிதான், அந்தக் காலேஜிலிருந்து ஒரு ஈ காக்கைகூடத் தேடி வரவில்லை.

பெற்றவர்களைக் காலேஜுக்கு அழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அழைக்காமலே அப்பா கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்கு உடுத்துகிற டபுள் வேட்டி, தோளில் நேரியல், கையில் நம் விளையில் வெட்டிய முழு ஏத்தன் வாழைக்குலை. பிரின்சிபாலைப் பார்த்து, பேசி, கும்பிட்டு, குலையையும் காலடியில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள்தான் தெரிந்தது, அது பிரின்சிபால் இல்லை, ஆபீஸ் கிளார்க் பொன்னையன். பெரிய மேஜை, வழுக்கைத் தலை, மேலே ஃபேன், இவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் குலை தின்ற மனிதன் நன்றி உள்ளவன். ஹாஜர் குறைவுக்கு மன்னிப்பு மனுவை அவனே எழுதி, அவனே உள்ளே கொண்டு போய்க் கையெழுத்து வாங்கிவிட்டான். இனி பரீட்சை வரை ஒரு நாள்கூட வகுப்பு முடங்கக் கூடாது, முடங்கினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், வருஷம் போச்சு, அதோடு இவன் படிப்பும் போச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

துணைக்கு விட மேல் வகுப்புப் பையன் வேண்டுமே. பொழியூரிலிருந்து நமக்கு மீன் கொண்டு வருகிற மார்கிரெட்டின் மகன் ஜெஃப்ரின் அதே காலேஜில் கடைசி வருஷம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இதுக்கா மொகம் வாடி நிக்கிய, ஞாயிறாச்ச பூச முடிஞ்சு அவன அனுப்பியேன்" என்றாள். வந்தான். கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு உபதேசமும் செய்யாமல் தன் கதையைச் சொன்னான். முதல் வருஷத்தில் இவன் வகுப்புக்குள் நுழைந்தால் மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பார்களாம். பின் பெஞ்சில் ஒளிந்து பார்த்தானாம், விடவில்லை. "அப்பறம் நான் முன் பெஞ்சுல நடுவுல போயி இருந்தேன், பிடிக்கியவன் மணிக்கூர் முழுக்கப் பிடிச்சிட்டு இருக்கட்டும்னு, எத்தன நாளு பிடிப்பான், கை கடுக்கும்லா" என்றான். உன் தம்பி அன்றைக்குத்தான் சிரித்தான், எத்தனையோ நாளுக்குப் பிறகு. திங்கட்கிழமையிலிருந்து ஜெஃப்ரின் நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் நிற்கிறான், இவன் பஸ்ஸை விட்டு இறங்குகிற வரை அசைவதில்லை. இவன் இப்போது முன் பெஞ்ச். பாண்டி வந்நோ என்று சார் கேட்டால் எழுந்து, ஷிஜு வந்நு சார் என்கிறானாம். சார் இன்னும் திருந்தவில்லை, இவனும் விடவில்லை.

எல்லாம் நலமாக முடிந்தது என்று நினைத்துவிடாதே. மார்ச்சோடு ஜெஃப்ரின் படிப்பு முடிந்து போய்விடுவான், இவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறது. எதிர்ப் பக்கத்துப் பஸ் தினமும் ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை ரோட்டைக் கடந்து நின்றுவிட்டுத் திரும்ப இந்தப் பக்கம் வந்ததை ரத்னபாய் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் உன் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, "இவன் பேரு என்னம்மா" என்று அந்த நெட்டையனைக் காட்டிக் கேட்டான். டெரல் என்றேன். "அக்காவுக்கு இவனுவளுக்க பேரெல்லாம் தெரியும், இல்லியா" என்று கேட்டுவிட்டு போட்டோவை வைத்துவிட்டு எழுந்து போனான். நான் உன் எட்டுப் பக்கத்தையும் எடுத்து மறுபடி வாசித்தேன். டெரல் பேர் இருக்கிறது, இன்னும் எத்தனையோ பையன்கள் பேர் இருக்கிறது. கடைசி வரியில், 'தம்பிக்கும் அன்பு.' உறையில் அப்பா பேர்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும், அது உன் உத்தியோகம். டெரலை விட்டுவிடாதே, இன்னொரு தடவை போ, முன் பெஞ்ச் விஷயத்தையும் சொல்லு, பொழியூர்க்காரன் சொன்னது என்று சொல்லு. அவன் திரும்பி வந்தானா என்று எனக்கு எழுது, நான் அவனுக்கும் சேர்த்துத்தான் விளக்குப் பொருத்துகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஃபிரிஜ்ஜில் வைத்த சோற்றையே நாலு நாள் தின்னாதே. பகவதி உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும், குறைவில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். மறக்க வேண்டாம் என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன், அடுத்த கடிதம் எங்களுக்கு வேண்டாம். உறையின் மேல் ஷிஜு என்று எழுது. உள்ளே நீ என்ன எழுதினாலும் சரி, நாங்கள் பிரிக்க மாட்டோம்.

உன் அம்மா
சரோஜம்