ஏழாவது கிளாஸ்

மாதா துணை

ஹாம்பர்க், 12.3.1976

அன்புள்ள மெட்டில்டாவுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா? பிலோமிக்கு இருமல் நின்றதா?

நம் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால் வைக்க, நீ எழுதிய ஆறு கிளாஸ் வாங்க, என் கூடக் கப்பலில் வேலை பார்க்கும் ரோச்சோடு போனேன். கீறல் இருக்குமோ என்று ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தேன். நான் திருடிவிடுவேனோ என்று கடைக்காரி பின்னாலேயே வந்தாள். வாய் அகன்றது ஷாம்பெயினுக்காம், வயிறு பெருத்தது ஒயினுக்காம். மதுவிலக்கு ஊரில் ஷாம்பெயின் ஏது? நீ வீட்டில் போடும் திராட்சை ஒயினுக்கு வயிறு பெருத்ததே போதும் என்று எடுத்தேன்.

"ஏலே, ஆறும் யாராருக்குல?" என்று ரோச் கேட்டான்.

விரல் விட்டு எண்ணினேன். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா. நம் பக்கம் நீ, பிலோமி, உன் அண்ணன் கிளாட்வின். ஆறு முடிந்துவிட்டது.

நான் மே மாதம்தான் வருவேன் என்று தெரிந்தும், அடுத்த வாரம் ஊருக்கு வரும் ரோச்சிடமே கொடுத்தனுப்பச் சொன்னாயே, என்ன அவசரம்? நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டீர்களா? மறைக்காமல் எழுது.

பிலோமி போட்டோ ஒன்று அனுப்பு. என்னிடம் இருப்பது அவள் எட்டு வயதில் கோவிலில் புதுநன்மை வாங்கியபோது எடுத்தது.

ரோச் கிளம்புகிறான். அவனிடம் இந்தக் கடிதம் மட்டும்தான். கிளாஸ் ஏழாக வாங்கியிருக்கிறேன். ஏழும் என்னோடுதான் வரும்.

தஸ்நேவிஸ்