அவளின்ரை நம்பர்

வெள்ளி. பின்னேரம் 6.42க்கு மாமி மயிலிட்டியிலை இருந்து போன் எடுத்தா.

"தம்பி, பிள்ளையின்ரை நம்பர் திரும்ப வேலை செய்யுது! ஒரு பெடியன் கதைச்சவன்."

மாமியின்ரை மோள், என்ரை மனிசி, செத்து ஒரு வருசம். மாமி நாளாந்தம் அந்த நம்பருக்கு எடுப்பா. அவளின்ரை போன் மேசையிலை அடிக்கும், நான் விட்டிடுவன். கொஞ்ச நாளா அது அடிக்கேல்லை. காசு ரீலோட் போடாட்டி நம்பரை வெட்டி வேறை ஆளுக்குக் குடுப்பாங்கள். போன் டவர் வேலை செய்யிற எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் போட மறந்துபோனன்.

"அவனுக்கு என்ன சொன்னியள் மாமி?"

"தனிய இருக்கிறன் எண்டனான். வீடு எங்கையெண்டு கேட்டான், சொன்னனான். உங்கடை நம்பரும் குடுத்தனான்."

"இனி எடுக்காதேங்கோ. கதவைப் பூட்டுங்கோ."

"பிறகு நான் ஆரோடை கதைக்கிறது?"

இப்ப என்ரை போன் அடிக்குது. திரையிலை அவளின்ரை நம்பர், அவளின்ரை படம், சிரிச்சபடி. மூண்டாந்தரம்.

போனை நிப்பாட்டிப்போட்டன். இனி மாமி எடுத்தாலும் எனக்குக் கேளாது.