கருணைக்கு ஒரு வருடம்

வருங்கால டாக்டருக்கு அம்மா எழுதுவது.

எழுப்பிப் பார்த்தேன், நீ அசையவில்லை. சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடு. அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடு.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் இத்தனை மணி நேரம் சேவை செய்தேன் என்று கணக்குக் காட்டவேண்டும் என்று ஒரு வருடம் படிப்பை நிறுத்தினாய், சரி. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத தாத்தாக்களைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போகிறாயாம். நர்ஸம்மா புகழ்ந்து தள்ளினார். எனக்கும் பெருமைதான். நேற்று காலில் மாவுக்கட்டோடு உன்னிடம் தண்ணீர் கேட்டேன். "சேவை மனப்பான்மை பத்திக் கட்டுரை எழுதிட்டிருக்கேம்மா, தொந்தரவு பண்ணாதே" என்று சொன்னாய். நொண்டிக்கொண்டே போய்க் குடித்துவிட்டு, உனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தேன். கட்டுரை நன்றாக வந்ததா?

மாவுக்கட்டைப் பிரிக்க உன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். டாக்ஸி வந்துவிட்டது.

பி.கு.: மத்தியானம் உனக்கு அங்கேதானே வேலை? வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வந்து தள்ளு. ஆனால் வாய் தவறிக்கூட "அம்மா" என்று கூப்பிட்டுவிடாதே. சொந்தக்காரர்களுக்குச் செய்தால் சேவைக் கணக்கில் வராது என்று நீதானே சொன்னாய்?