சீரியஸ் என்று ஒரு சொல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. காவலர் பயிற்சிக் கல்லூரியில் நான் ஒரு பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டேன் என்று உன் அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறாள். உன் காதுக்கும் வந்திருக்கும். பொய். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன், அவ்வளவுதான். நான் எழுந்து நின்றாலே சிலருக்கு அறை வாங்கியது போலிருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். மரணச் செய்தியைக் குடும்பத்தாரிடம் நேரில் போய்ச் சொல்வதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கி, ஆட்களைப் பழக்குகிறார்கள். பாடத்தை வகுத்தது நீ என்பதால் பெருமையோடுதான் போனேன். இறந்தவரின் மனைவியாக நடிக்க என் வயதில் ஒருத்தி வேண்டுமாம். வகுப்பறை மூலையில் ஒரு சோபா, பிளாஸ்டிக் பூ வைத்த மேஜை, சுவரே இல்லாமல் ஒரு கதவு. முதலில் வந்தவன் கதவைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்து நின்றான். "அப்ப கதவு எதுக்குப்பா நிக்குது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

அடுத்தவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தான். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றான். கதைப்படி அந்த மனிதர் இறந்துவிட்டார். "உயிரோட இருக்காரா, இல்லையா?" என்று கேட்டேன். பையன் பயிற்சியாளரைப் பார்த்தான். அவர், "அம்மா, அந்தக் கேள்வி ஸ்கிரிப்ட்ல இல்லீங்களே" என்றார். "சாவு விழுந்த வீட்டுல ஸ்கிரிப்ட் வெச்சுக்கிட்டா உக்காந்திருப்பாங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் எழுந்து நின்றேன்.

அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சமாதானம் சொன்னார். "சீரியஸ்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டா மீதிய டாக்டர் பாத்துப்பாரும்மா. மேடம் போட்ட வரிதான். அவங்க சொன்னா உடனே எடுத்துடுவோம்" என்றார்.

மீதியாம்! ஒருத்தியின் புருஷன் செத்துப்போனது மீதியாம்!

நிருபர்களிடம் பேசும் பாடத்தையும் வாங்கிப் பார்த்தேன். "உயிரிழப்பு ஏற்பட்டுள்ளது" என்று சொல்ல வேண்டுமாம். மழை பெய்தது போல அது தானாக ஏற்பட்டுவிடுகிறது! ஒருவர் இறந்தார் என்று சொல்ல எழுவாயும் பயனிலையும் போதும். நான் படித்த கான்வென்ட்டில் பாதிப் பதிலுக்குச் சுழியம் போடுவார்கள் என்று உனக்கும் சொல்லித்தானே வளர்த்தேன்?

அந்த வரி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய உன் அப்பா உன் ஊரில் மயங்கி விழுந்த அன்று, "அப்பாவுக்கு சீரியஸா இருக்கும்மா, கிளம்பி வா" என்று நீ போனில் சொன்னாய். நம்பினேன். அவருடைய ஷேவிங் செட்டையும் துவைத்த சட்டைகளையும் பெட்டியில் வைத்தேன். மாத்திரையை ஒழுங்காகப் போடாததற்கு ரயிலில் வழிநெடுக மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு, "வீம்பு பிடிச்ச மனுஷன், ரெண்டு நாள் படுத்தா எந்திரிச்சிடுவாரு" என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தேன். ரயில்வே ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்த்ததும்தான் அவர் இல்லை என்று தெரிந்தது.

நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாய். தாங்குவதும் தாங்காததும் என் பாடு. அதை எனக்காக நீ முடிவு செய்தாய். இப்போது ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சேர்த்து முடிவு செய்திருக்கிறாய்.

அடுத்த குழு வருவதற்குள் அந்த வரியை எடுக்கச் சொல். எடுத்தால் மறுபடி போய் உட்காருகிறேன். இல்லாவிட்டால் அந்தச் சோபாவில் உன் அத்தை உட்காரட்டும். எந்தப் பையன் என்ன சொன்னாலும் அழுவாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதனால் நீ சாப்பிடாமல் இருக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ போன் செய்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா? நான் திட்டியபோது அவர் இருந்தாரா, இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லாதே, என் குரலைக் கேட்டதும் மாற்றிவிடுவாய். கடிதமாக எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா